செல்லப் பேர் வைங்க, கூடவே வேலையைப் பிரிச்சுக் கொடுக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, குறிப்பா வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கிறவங்க.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் பூமாலை வாங்கிக்கிட்டு கோவிலுக்கு வர்ற குடும்பங்களை நாங்க வாரா வாரம் பார்க்கிறோம். பெத்தவங்க பிள்ளைங்களைக் கூப்பிடுறதைக் கேட்டாலே மனசு குளிர்ந்திடும். "ராசா, ரோட்டுல ஓடாதடா." "தங்கம், காலைக் கழுவிட்டு வா." "அம்மாடி, பாவாடையைப் பிடிச்சுக்கோ." தமிழ்ல பிள்ளையைக் கொஞ்சுறதுக்கு இருக்கிற வார்த்தைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆனா அந்தப் பேருக்குப் பின்னாடி வர்ற வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிங்க. பையன்னா ராசா, ஐயா, துரை, சிங்கக்குட்டி, பாஸ். பொண்ணுன்னா பொம்மை, இளவரசி, மகாலட்சுமி. "சிங்கக்குட்டி, நீ முன்னால போய் நில்லு." "மகாலட்சுமி மாதிரி இருக்க, ஆடாம அசையாம உட்காரு." முதல்ல வந்தது கொஞ்சல், அடுத்து வந்தது உத்தரவு. அஞ்சு வயசுக்குள்ள ஒரு பிள்ளை இதை எத்தனை ஆயிரம் தடவை கேட்கும்?

கோவில்ல தொண்டு செய்யறவங்களுக்கு இதுல ஒரு வேடிக்கையும் தெரியும். சிங்கக்குட்டின்னு நாம பையனைக் கூப்பிடுறோம். அந்தச் சிங்கத்து மேல ஏறி உட்கார்ந்திருக்கிறது யாரு? நம்ம அம்மன். கையில சூலம் வெச்சிருக்கிறதும் அவதான். நவராத்திரி ஒன்பது நாளும் அவளோட வீரத்தைக் கொண்டாடுறோம், பத்தாவது நாள் அவ ஜெயிச்சதுக்கு விழா எடுக்கிறோம். வீட்டுக்குப் போனதும் சிங்கம் பையனுக்கு, அமைதி பொண்ணுக்குன்னு பிரிச்சுடுறோம்.

"அட, இது ஒரு விஷயமா? அன்பாத்தானே கூப்பிடுறோம்"னு நீங்க கேட்பீங்க. அன்பு இல்லைன்னு நாங்க சொல்லவே இல்லை. ஆனா சொல்றவங்க மனசுல அன்பு இருந்தா மட்டும் கேட்கிறவங்களுக்குப் பாரம் இல்லாம போயிடாது. நாம தினமும் நடக்கிற இந்தச் சாலையோட பேரையே பாருங்க. 1801-ல கட்டின பள்ளிவாசலோட பேர்ல இருக்கிற 'கெலிங்' ஒரு காலத்துல தென்னிந்தியாவிலிருந்து வந்தவங்களைக் குறிச்ச சாதாரணச் சொல். இன்னைக்கு அதையே ஒருத்தர் நம்ம முகத்துக்கு நேரா சொன்னா எப்படி வலிக்கும்னு மலேசியாவுல இருக்கிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது எந்த அர்த்தத்துல பிறந்த வார்த்தைன்னு அந்த நேரத்துல யாரும் ஆராய்ச்சி பண்றதில்லை. அது நம்மள என்ன செய்யுதுன்னுதான் பார்க்கிறோம். பிள்ளைங்க விஷயத்துலயும் அப்படிப் பார்க்கலாமே.

1976-ல அமெரிக்காவுல காண்ட்ரி தம்பதி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒன்பது மாசக் குழந்தையோட வீடியோவை 204 பேருக்குக் காட்டினாங்க. பெட்டியிலிருந்து திடீர்னு துள்ளி எழும் ஒரு பொம்மையைப் பார்த்து அந்தக் குழந்தை அழுது. பையன்னு சொல்லிக் காட்டினப்போ பார்த்தவங்க "கோபப்படுது"ன்னாங்க. பொண்ணுன்னு சொல்லிக் காட்டினப்போ "பயப்படுது"ன்னாங்க. குழந்தை ஒண்ணு, அழுகை ஒண்ணு, வீடியோவும் ஒண்ணு. மாறினது அதுக்கு ஒட்டின பேர் மட்டும்தான். கோபப்படுற பிள்ளையோட பெரியவங்க பேரம் பேசுவாங்க, பயப்படுற பிள்ளையைத் தூக்கி ஓரமா உட்கார வைப்பாங்க. அங்கதான் வாழ்க்கை ரெண்டாப் பிரியுது.

பேரோட பாரம் எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சுக்க நம்ம முன்னோர்களோட தமிழ்நாட்டைப் பாருங்க. திருத்தணி பக்கம் நாராயணபுரம்னு ஒரு கிராமம். அடுத்தடுத்து பொண்ணாப் பிறந்தா, அடுத்தது பையனாப் பிறக்கணும்னு பொண்ணுக்கு 'வேண்டாம்'னு பேர் வைக்கிற வழக்கம் அங்க இருந்தது. 'போதும்பொண்ணு'ங்கிற பேரையும் நாம கேள்விப்பட்டிருக்கோம். மராத்தியில இதே அர்த்தத்துல 'நகுஷா'ன்னு ஒரு பேர். 2011-ல மகாராஷ்டிராவுல சாத்தாரா மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து 285 பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பேர் வெச்சது. பேர்ல என்ன இருக்குன்னு கேட்கிறவங்க அந்த 285 பேர்கிட்டதான் கேட்கணும். 'இளவரசி'யும் 'வேண்டாம்'மும் ஒண்ணுன்னு நாங்க சொல்ல வரல. ஒண்ணு அன்புல வந்தது, இன்னொண்ணு ஏமாற்றத்துல வந்தது. ஆனா ரெண்டுமே பிள்ளையோட இடம் எதுன்னு முதல்லயே குறிச்சுக் கொடுக்குது.

இன்னொரு பழக்கம், பொண்ணை "வாடா, போடா"ன்னு கூப்பிடுறது. இது பாசம்தான், நாங்க குறை சொல்லல. ஆனா அதைத் தொடர்ந்து "இவ எனக்குப் பொண்ணு இல்ல, பையன் மாதிரி"ன்னு ஒரு பாராட்டு வருமே, அதுதான் உறுத்துது. தைரியமா பேசினா பையன் மாதிரி, கணக்குல கெட்டின்னா பையன் மாதிரி. அப்போ பொண்ணா இருந்துக்கிட்டே தைரியமா இருக்க முடியாதா? பையனைப் பார்த்து "பொண்ணு மாதிரி பொறுப்பா இருக்கான்"னு யாரும் பெருமையா சொல்றதில்லை. "பொம்பளைப் பிள்ளை மாதிரி அழாதே"ன்னுதான் சொல்றோம்.

பையன்களுக்கும் இதுல நஷ்டம் உண்டு. சிங்கம் அழக்கூடாது, ராசாவுக்குப் பயம் வரக்கூடாது, துரை சாப்பிட்ட தட்டை எடுக்கக்கூடாது. அந்தப் பையன் வளர்ந்து இருபது வயசுல மனசு உடைஞ்சா, யார்கிட்ட போய் அழுவான்? வீட்ல எல்லாரும் அவனைச் சிங்கம்னு இல்ல நினைச்சுக்கிட்டு இருக்காங்க!

நம்ம இலக்கியத்துலயும் இந்தப் பிரிவு இருக்கு. பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. இந்த ஏழும் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொது. கடைசி மூணுலதான் பாதை பிரியும். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். அவனுக்குப் பறையும் தேரும், அவளுக்கு ஊஞ்சல். இத்தனைக்கும் குமரகுருபரர் பாடின மீனாட்சி, புராணக் கதையில பட்டம் கட்டி நாடாண்டு திக்விஜயம் போன தடாதகை. அது அந்தக் காலத்து மரபு, அதை மதிக்கிறோம். ஆனா பத்துல ஏழைப் பொதுவா வெச்ச நம்ம பெரியவங்க வழியைத் தொட்டு, மிச்ச மூணையும் நாம பொதுவாக்கினா சாமி குத்தம் ஆகிடாது.

பக்கத்து வீடுகளையும் பாருங்க. மலாய்க் குடும்பங்கள்ல மூத்த பிள்ளை 'அலோங்', நடுவுல உள்ளது 'அங்ஙா', கடைக்குட்டி 'உச்சு'. பையனா பொண்ணாங்கிற பேச்சே அதுல இல்லை. நம்ம சீன நண்பர்கள் வீட்லயும், நம்ம வீடுகள்லயும் "பாய்", "கேர்ள்"னே பேர் ஆயிடுச்சு. பிள்ளையோட சொந்தப் பேர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். ஏற்கெனவே நம்ம மைகார்ட்ல பேரோடயே 'ஏ/எல்', 'ஏ/பி'ன்னு ஆண் பெண் முத்திரை குத்தியிருக்கு. வீட்ல கூப்பிடுற பேராவது முத்திரை இல்லாம இருக்கட்டுமே.

இதுக்கு நம்மகிட்ட வார்த்தைப் பஞ்சமும் இல்லை. கண்ணு, தங்கம், செல்லம், பட்டு, குட்டி, சாமி, வைரம். எல்லாம் ரெண்டு பேருக்கும் பொருந்தும். ராசாவும் அம்மாடியும் வேண்டாம்னு நாங்க சொல்லல. பாட்டி வாயில வர்ற வார்த்தையைத் தடுக்கவும் முடியாது. ராசான்னு கூப்பிட்டுட்டு "போய்த் தட்டைக் கழுவு ராசா"ன்னு சொல்லுங்க. மகாலட்சுமின்னு கூப்பிட்டுட்டு "மேடையேறிப் பேசிட்டு வா"ன்னு அனுப்புங்க. அது போதும்.

கோவில் தொண்டுலயும் ஒரு வேண்டுகோள். திருவிழா வந்தா உதவிக்கு நிறையப் பிள்ளைங்க வர்றாங்க. பொண்ணுங்களைப் பூ கட்டவும் கோலம் போடவும் அனுப்புறோம். பையன்களை மேளத்துக்கும் சாமான் தூக்கவும் அனுப்புறோம். யாரும் அவங்களைக் கேட்கிறதில்லை. தைப்பூசத்துக்கு வேலைத் தாங்கி வர்ற தங்க ரதம் 2017-லிருந்து குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில்லேர்ந்துதான் புறப்படுது. அதுக்குப் பின்னாடி நடக்கிற கூட்டத்துல உறுமி அடிக்க ஆசைப்படுற பொண்ணும் இருப்பா, உட்கார்ந்து மாலை கட்ட ஆசைப்படுற பையனும் இருப்பான். இனி எங்ககிட்ட வர்ற பிள்ளைங்களை முதல்ல சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம், அப்புறம் "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?"னு கேட்டுத்தான் வேலை கொடுப்போம். பெத்தவங்களும் கூட நின்னு, "அது பொம்பளை வேலைடா", "அது ஆம்பளை வேலைம்மா"ன்னு குறுக்க வராம இருந்தா போதும்.

உங்க வீட்ல பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுறீங்க? அந்தப் பேருக்கு அடுத்து என்ன வார்த்தை வருது? கமெண்ட்ல சொல்லுங்க. பிள்ளைகிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அதுக்கு அந்தப் பேர் பிடிச்சிருக்கான்னு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மன் துணை. ஓம் சக்தி.