ஏல வீடும் நமது ஜனங்களும்

தினசரிப் பத்திரிகையைப் பிரித்தால் சில நாட்களில் பக்கம் பக்கமாகப் பாங்கிகளின் ஏல அறிவிப்புகளாகவே இருக்கக் காண்கிறோம். கடன் வாங்கி வீடு கட்டினவரோ, வீட்டை அடகு வைத்துத் தொழில் நடத்தினவரோ தவணை கட்டத் தவறினால், பாங்கியானது அவ்வீட்டைக் கைப்பற்றி ஏலத்தில் விற்றுத் தன் பாக்கியை எடுத்துக் கொள்ளுகிறது. இதற்காக 2002-ம் வருஷத்தில் செய்யப்பட்ட சட்டத்தைச் சர்பாசி சட்டம் என்று சொல்லுகிறார்கள். கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்காமலேயே பாங்கி தானே விற்றுக் கொள்ள அது அதிகாரம் கொடுக்கிறது. இப்படி விற்கப்படும் வீடுகள் வெளி விலையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு. ஆகவே, வாடகை கொடுத்தே வாழ்நாளைக் கழிக்கும் குடும்பஸ்தர்கள் பலர், ஏல வீடு வாங்கலாமா கூடாதா என்று யோசிக்கிறார்கள்.

இவ்விஷயத்தில் நமது ஜனங்களிடம் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. ஒரு சாரார், "அது கண்ணீர் விட்ட வீடு, அதில் குடி போனால் விளங்காது, ராசியில்லை" என்கிறார்கள். மற்றொரு சாரார், "பாங்கி விற்கிறது, சட்டப்படி விற்கிறது, கண்ணை மூடிக் கொண்டு வாங்கலாம், பாதி விலைக்குப் பங்களா" என்கிறார்கள். முன்னவர் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறவர்கள். பின்னவர் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவர்கள். இரண்டு பேரும் அறிவை உபயோகிக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் இந்த ராசிக்காரர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். ஏலத்திற்கு வந்திருக்கும் வீட்டை முதலில் கட்டினவர் என்ன செய்தார்? நாள் பார்த்தார், வாஸ்து பார்த்தார், வாசல்படிக்கு மஞ்சள் பூசினார், புரோகிதரை அழைத்து ஹோமம் வளர்த்தார், பசுவையும் கன்றையும் வீட்டிற்குள் ஓட்டினார், தட்சிணையும் கொடுத்தார். இவ்வளவும் செய்த வீடுதானே இன்று ஏலத்திற்கு வந்திருக்கிறது? அப்படியானால் வாஸ்துவும் ஹோமமும் ஒரு காசுக்கும் பிரயோஜனப்படவில்லை என்பதற்கு அந்த வீட்டைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? வீடு போனதற்குக் காரணம் வியாபாரம் நொடித்திருக்கலாம், வேலை போயிருக்கலாம், குடும்பத்தில் பெரிய வியாதி வந்திருக்கலாம், சக்திக்கு மீறிய கடன் வாங்கியிருக்கலாம். இவைகளில் எதுவும் ஈசான்ய மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அதே ஜோசியரே புதிதாக வாங்குகிறவரிடம் வந்து, வீட்டிற்குத் தோஷம் இருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று இன்னொரு தரம் பணம் கேட்கிறார். ஒரே வீட்டின் மேல் பாங்கி ஒரு தரம்தான் கடன் வசூலிக்கிறது. ஜோசியரோ குடி மாறும்போதெல்லாம் வசூலிக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. இக்காலத்து ஏலம் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. பொதுத் துறைப் பாங்கிகள் எல்லாவற்றிற்கும் சேர்த்து 2025 ஜனவரியில் பாங்க்நெட் என்று ஒரு இணையதளமே ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பகல் 11 மணி முதல் 12 மணி வரை ஏலம் என்று போட்டிருந்தால், அது முழுவதும் ராகுகாலம். பஞ்சாங்கக்காரர் ராகுகாலம் கழியட்டும் என்று 12 மணி வரை காத்திருப்பாரானால், வீடு ராகுவுக்குப் பயப்படாத ஒருவருக்குப் போய்விடும். இதைவிட ராகுகாலத்தின் யோக்கியதையை வேறு எப்படி விளக்குவது?

நிற்க, "அடுத்தவன் வயிற்றெரிச்சலை வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்குச் சற்று யோக்கியமான பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகும். ஏனென்றால் இவர்களில் பலர் நல்லெண்ணத்தோடேயே கேட்கிறார்கள். ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியேறுவது துக்ககரமான காரியம்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்காமல் இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்திற்கு வீடு திரும்பக் கிடைத்துவிடுமா? அதுதான் இல்லை. வாங்குவதற்கு ஆள் வராவிட்டால் பாங்கி விலையைக் குறைத்து மறுபடியும் ஏலம் போடும். விற்ற தொகை பாக்கிக்குப் போதாமல் போனால், மிச்சக் கடனுக்காக அதே கடன்காரரை டிரிப்யூனலுக்கு இழுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு மாறாக நல்ல விலைக்குப் போனால், பாக்கியும் செலவும் போக மிஞ்சுவதை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. ஆகவே பாவம் என்று சொல்லி ஒதுங்கி நிற்கிறவர் கடன்காரருக்கு உபகாரம் செய்யவில்லை, அபகாரமே செய்கிறார். நாணயமாக விலை கேட்கிற ஒவ்வொருவரும் அவர் தலைமேலுள்ள சுமையைக் குறைக்கிறார். அதற்கு எதிரிடையாக, நாலு தரகர்கள் கூடிப் பேசி வைத்துக் கொண்டு விலை ஏறாமல் பார்த்துக் கொள்ளுகிறார்களே, அவர்கள்தான் பாவம் என்ற வார்த்தைக்குப் பொருத்தமானவர்கள்.

இந்த ஏல முறையில் நாம் பாராட்டுகிற ஒரு குணமும் இருக்கிறது. பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போனால், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்பது முதல் கேள்வியாக வருகிறது. சைவர்களுக்கு மட்டும் என்று பலகை தொங்குகிறது. அதன் அர்த்தம் கத்தரிக்காயைப் பற்றியதல்ல என்பது போட்டவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். விலைக்குக் கேட்டாலும் தாழ்த்தப்பட்டவர் என்றோ முஸ்லிம் என்றோ தெரிந்தவுடன், "வீடு விற்கிறதாக உத்தேசமில்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! ஏலத்திலோ விலை கேட்கிறவருடைய கோத்திரத்தைக் கேட்க இடமில்லை. அடையாளச் சீட்டும் முன்பணமும் சரியாக இருந்தால் சரி. எந்தத் தெரு ஒருவரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிற்றோ, அதே தெருவில் அவர் தன் பணத்தைக் கொடுத்துச் சட்டப்படி வீட்டுக்காரராக நுழைய முடிகிறது. ஜாதியை ஒழிக்க ஏலம் போதும் என்று சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் அல்ல. பணமில்லாதவனுக்கு இந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் இருக்கிற கதவைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டாமா?

இனி, கண்ணை மூடிக் கொண்டு வாங்கலாம் என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறோம்.

ஏல அறிவிப்பில், "இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்" என்று ஒரு வாசகம் இருக்கும். அதற்கு அர்த்தம், வீட்டில் உள்ள கோளாறெல்லாம் உம்முடையது என்பதேயாகும். சுவர் விரிந்திருந்தாலும், அனுமதியில்லாத மாடி எழும்பியிருந்தாலும், சொத்து வரி பாக்கி இருந்தாலும் பாங்கியைக் கேட்க முடியாது. முந்தின சொந்தக்காரர் வைத்துப் போன மின்சாரப் பாக்கியைக்கூட, அந்தந்த மின்சார விதிகள் இடம் கொடுக்குமானால், ஏலத்தில் எடுத்துப் புது இணைப்புக் கேட்கிறவரிடம் வசூலிக்கலாம் என்று 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அடுத்தது சுவாதீனம். பாங்கிகள் இரண்டு விதமாக வீட்டைக் கைப்பற்றுகின்றன. ஒன்று, ஆட்களை வெளியேற்றிப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பது. மற்றொன்று, கதவில் நோட்டீஸ் ஒட்டிப் பத்திரிகையில் பிரசுரம் செய்துவிட்டு, வீட்டுக்குள் பழையவரே குடியிருக்க விட்டிருப்பது. இந்த இரண்டாவது ரகத்தை விலை மலிவு என்று எடுத்தால், நீங்கள் வாங்குவது வீடு அல்ல, வீட்டின் படம். உள்ளே இருப்பவரை வெளியேற்ற ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் பாங்கி விண்ணப்பம் போட வேண்டும். 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் உத்தரவு தர வேண்டுமென்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உத்தரவு வந்து, ஆள் வெளியேறி, சாவி கைக்கு வருவது தனிச் சங்கதி. அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடி வந்த வாடகைக்காரர் இருந்தால் அவருடைய உரிமையையும் கவனிக்க வேண்டும். அதுவரையில் நீங்கள் இருக்கிற வீட்டுக்கு வாடகையும், வாங்கின வீட்டுக்கு வட்டியும் கட்டிக் கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, பணத்தின் கெடு. விலை உங்கள் பேருக்கு முடிந்தால், முன்பணம் உட்பட 100-க்கு 25 பங்கை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 பங்கை, விற்பனை உறுதியான 15-வது நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்து மூலம் ஒப்புக் கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேலில்லை. தவறினால் கட்டின பணம் போய்விடும். சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து மேலே போன ஒரு வழக்கில், 12 கோடியே 27 லட்ச ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் மீதியைக் கெடுவுக்குள் கட்டாததால், அவர் கட்டியிருந்த 3 கோடிக்கு மேற்பட்ட முழுத் தொகையையும் பாங்கி பறிமுதல் செய்தது சரியே என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கோடீசுவரருக்கே இந்தக் கதியென்றால், தாலியை விற்று முன்பணம் கட்டுகிறவர் கதி என்ன? ஆகையால் மீதிப் பணத்துக்கு வழி செய்து கொள்ளாமல் விலை கேட்பது சூதாட்டமேயாகும்.

நான்காவது வழக்கு. பாங்கி செய்த நடவடிக்கைமேல் கடன்காரர் 45 நாளுக்குள் டிரிப்யூனலுக்குப் போகலாம். கடன்காரருக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது கட்டாயம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. பாங்கி அவசரத்தில் இதைத் தவறவிட்டால் விற்பனையே ரத்தாகக் கூடும். ஆனால் ஏல அறிவிப்பு முறையாகப் பிரசுரமான பிறகு, பாக்கியைக் கட்டி வீட்டை மீட்டுக் கொள்ளுகிற உரிமை கடன்காரருக்கு இல்லை என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பாகியிருக்கிறது. இது வாங்குகிறவருக்கு ஒரு தைரியம். கடன்காரருக்கோ ஒரு எச்சரிக்கை. கடைசி நாளில் சாமிக்கு நேர்ந்து கொண்டு உட்கார்ந்திருப்பவரை இந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. 60 நாள் கேட்பு நோட்டீஸ் வந்த உடனே பதில் எழுதுகிறவருக்கு, பாங்கி 15 நாளில் காரணம் காட்டிப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியதென்ன? ஜோசியரிடம் கொடுக்கும் தட்சிணையை ஒரு நல்ல வக்கீலிடம் கொடுங்கள். வாஸ்துக்காரருக்குப் பதில் ஒரு இஞ்சினீயரை அழைத்துப் போங்கள். பழைய வருஷங்களுக்கும் சேர்த்து வில்லங்கச் சான்று பாருங்கள். இன்று அதை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்க முடிகிறது. பட்டா யார் பேரில் இருக்கிறதென்று பாருங்கள். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், அக்கம்பக்கத்தாரை விசாரியுங்கள். வரி, மின்சாரம், குடிநீர் பாக்கி, வழக்குச் செலவு, பழுது பார்க்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால்தான் அது மலிவு. ஏல நேரத்தில் ஆவேசம் வராமலிருக்க, உச்ச விலையை முந்தின நாளே காகிதத்தில் எழுதி வைத்துக் கொண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாயும் போகாதீர்கள்.

சர்க்கார் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் கட்டி, விற்காமல் மிஞ்சின வீடுகளும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. இவைகளில் பழைய குடியும் இல்லை, அடமானமும் இல்லை. ஆனால் நில எடுப்பு வழக்குகளில் கோர்ட்டு நஷ்டஈட்டை உயர்த்தினால், அந்தச் சுமை ஒதுக்கீடு பெற்றவர் தலையில் வந்து விழுந்ததும், அதனால் கிரயப் பத்திரம் தாமதப்பட்டதும் உண்டு. ஆகவே முடிவான விலை இதுதானா, பத்திரம் என்றைக்கு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டக் கூடாது.

முடிவாக, பாங்கிகளையும் சர்க்காரையும் நாம் கேட்பது சில. ஏல அறிவிப்பைத் தமிழ்ப் பத்திரிகையிலும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் நிபந்தனைப் புத்தகம் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. பாமரன் பணம் வேண்டும், அவன் பாஷை வேண்டாமா? வீட்டில் யார் இருக்கிறார், என்ன வழக்கு, எவ்வளவு பாக்கி என்பதைப் பாங்கி தனக்குத் தெரிந்தவரையில் என்று நழுவாமல் விசாரித்துத் தமிழில் எழுதட்டும். குடியிருக்கும் வீடுகளைச் சாவி கைக்கு வராமல் ஏலம் போடாதிருக்கட்டும். பாங்கி மறைத்த குற்றத்தால் விற்பனை முறிந்தால், ஏலதாரரின் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்கட்டும். வீட்டை இழந்தவருக்குக் கணக்குக் காட்டி மிச்சத்தை உடனே கொடுக்கட்டும்.

இவை நடக்கும்வரை ஜனங்களுக்கு இருக்கிற ஒரே காவல் அவர்கள் புத்திதான். ஒருவன் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டும் காரியத்தில், சனி எங்கே இருக்கிறான் என்று பார்க்கிறவன் மோசம் போவான். பத்திரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவன் பிழைப்பான். வீட்டுக்கு ராசி என்று ஒன்றுமில்லை. வாங்குகிறவனுக்கு அறிவு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி.