கால்பந்து கிளப்பில் பணம் கட்டுமுன்...

மாஹிம், தாராவி, மாட்டுங்கா பக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கிளப்பில் சேர வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் கிளப்பின் பெயரையும் ஜெர்சியின் பளபளப்பையும் பார்த்து, கைமாற்று வாங்கிப் பணம் கட்டுவது நல்லதல்ல.

அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் பம்பாய்க் கால்பந்து என்றால் கம்பெனி டீம்கள்தான். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 3 கோல் போட்டு, 4-2 என்று இந்தியா வெல்லக் காரணமாக இருந்த நெவில் டிசோசா, டாட்டா அணிக்கு ஆடியவர். நன்றாக ஆடுகிறவனுக்குக் கம்பெனி வேலை கொடுத்தது, சம்பளமும் கொடுத்தது.

இன்று நிலைமை தலைகீழ். தகப்பன்தான் கிளப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறான். பணம் கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. கூச்சம் தேவையில்லை.

பெரிய பெயரை நம்பியும் பயனில்லை. மகிந்திரா யுனைடெட் 2006-ல் தேசிய லீக் பட்டம் வென்றது, 2010-ல் கலைக்கப்பட்டது. 2007-ல் தொடங்கிய மும்பை எஃப்.சி. இன்று களத்தில் இல்லை. 2025-ல் ஐ.எஸ்.எல். பந்தயமே வழக்கமான மாதத்தில் தொடங்க முடியாமல் தள்ளிப் போயிற்று. கிளப் மறையலாம். பிள்ளை கற்ற ஆட்டமும் படித்த படிப்புமே மிஞ்சும்.

கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: பிள்ளைக்கு மேட்ச் ஆடக் கிடைக்குமா? பெரிய டீமில் வருஷம் முழுவதும் பெஞ்சில் உட்காருவதைவிட, சிறிய டீமில் வாரந்தோறும் முழு ஆட்டம் ஆடுவதே மேல்.

இரண்டாவது: கோச்சிடம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் லைசென்ஸ் இருக்கிறதா? டி, சி, பி, ஏ என்று அதற்குப் படிகள் உண்டு. காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

மூன்றாவது: மொத்தச் செலவு எவ்வளவு? மாதக் கட்டணம் மட்டும் செலவல்ல. பூட்ஸ், ஜெர்சி, பந்தய நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம் எல்லாம் பின்னால் வரும். முன்கூட்டியே எழுதி வாங்குவது நல்லது.

நான்காவது: கிளப் பிடிக்காவிட்டால் விலகுவது எப்படி? சம்மேளனத்தில் பதிவு செய்தபின் நினைத்தபோது வேறு கிளப்புக்கு மாற முடியாது. கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்க வேண்டும்.

வயதைக் குறைத்து சர்டிபிகேட் வாங்கச் சொல்லும் கிளப்பாக இருந்தால் வேறு கேள்வியே வேண்டாம். அந்த வாசலை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

தூரமும் முக்கியம். மாஹிமுக்கு அடுத்த ஸ்டேஷன் பாந்திரா. அங்கே நெவில் டிசோசா பெயரிலேயே மைதானம் இருக்கிறது. கூப்பரேஜுக்குப் போக வேண்டுமானால் சர்ச்கேட் வரை ரயிலில் நெரிபட வேண்டும். தினமும் அப்படிப் போய் வரும் பிள்ளை எப்போது படிக்கும்?

வேலை கிடைக்குமா?

ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு என்பது உண்மை. அதற்கு அங்கீகாரம் பெற்ற பெரிய போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். படிப்புத் தகுதியும் வேண்டும். யாரோ தனியார் நடத்தும் கோப்பையில் வாங்கிய மெடலைக் காட்டி வேலை கேட்க முடியாது. ஆகவே, எந்தச் சங்கம் நடத்தும் போட்டியில் கிளப் ஆடுகிறது என்று விசாரிப்பது அவசியம்.

வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பள்ளி டீம் இருக்கவே இருக்கிறது. பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960 முதல் நடக்கிறது. சென்னை வியாசர்பாடியின் ஏழைத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ், இந்திய அணிக்கு ஆடினார். 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யிலும் இருந்தார்.

இவையெல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஆட ஆசைப்படும் மகளை வீட்டில் நிறுத்திவைக்கக் காரணம் இல்லை.

பணம் கட்டுமுன் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த கிளப்பின் மேட்சை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஜெயித்த நாளில் எல்லாக் கோச்சும் சிரிப்பார். தோற்ற நாளில், கோல் விட்ட பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தால் போதும். தன் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கலாமா என்பது தெரிந்துவிடும்.