கால் மேல் கால்

கரிய மாணிக்கம் என்பது திருமாலின் திருநாமங்களுள் ஒன்று. பாம்பணையில் பள்ளிகொண்டபடியே உலகத்தைப் பரிபாலிக்கும் கடவுளின் பெயரைத் தாங்கிய ஊரை முன்னிட்டு, ஒரு வாரம் தூக்கத்தைப் பற்றி எழுதினால் குற்றமில்லை என்று கருதுகிறோம். புதுச்சேரியைச் சேர்ந்த நெட்டப்பாக்கம் கொம்யூனில், நெல்லும் கரும்பும் விளையும் பூமியில் இருக்கிறது இந்தக் கரியமாணிக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு பத்து மணிக்குமேல் தெருவில் நடந்தால், திண்ணையிலும் வாசலிலும் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களில் சிலருடைய பாதங்களேனும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பதைக் காணலாம். வீட்டுப் பெரியவர்கள் இதைச் சும்மா விடுவதில்லை. "காலைப் பிரித்துப் போடு, குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒரு தட்டுத் தட்டி, நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத்தான் தாம் போய்ப் படுப்பார்கள்.

தூங்குகிறவன் இதை வேண்டுமென்று செய்கிறானா? மல்லாந்து படுத்துக் கால்களைத் தளர விட்டால் பாதங்கள் இரண்டும் வெளிப்புறமாகச் சாய்கின்றன. இடுப்பு மூட்டின் அமைப்பு அப்படி. கணுக்காலின் மேல் கணுக்காலைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்தாற்போல் நின்றுவிடுகின்றன. மெத்தையில் படுக்கும் பாக்கியசாலிக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. சிமெண்டுத் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுப்பவருக்கோ இரண்டு குதிகால்களும் தரையில் அழுந்தி நோகின்றன. ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றினால் ஒரு குதிகாலுக்காவது சற்று விடுதலை கிடைக்கிறது. சிறிது நேரம் சென்றதும் முறை மாறுகிறது. மார்கழிப் பனியில் பாதத்தோடு பாதம் சேர்ந்தால் சூடும் தங்கும். முழங்காலை மடக்கி நிறுத்தி அதன்மேல் மற்றொரு காலைப் போட்டுக்கொண்டு விசிறியால் வீசிக்கொள்ளும் திண்ணைக் கோலமும் இருக்கிறதே, அதில் இடுப்பின் இழுவிசை குறைந்து முதுகு பாயோடு படிகிறது. ஆனால் அந்தக் கோலம் விழித்திருக்கும்வரைதான். கனவு காணும் நித்திரையில் கைகால் தசைகள் வலுவை இழந்துவிடுகின்றன என்பதைச் சாஸ்திரிகள் 1950-களில் கண்டறிந்தார்கள். நிறுத்திய முழங்கால் அப்போது தானே சரிந்து விழுந்துவிடும்.

இதில் கெடுதல் உண்டா என்றால், கணுக்கால் அளவில் பயப்பட ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதன்மேல் வெகு நேரம் பாரம் அழுந்தினால் கால் மரத்துப்போகும், அளவு மீறினால் பாதத்தைத் தூக்கவே முடியாமலும் போகும். இயல்பாகத் தூங்குபவர் அந்த நிலை வருமுன் புரண்டு படுத்துவிடுகிறார். சாராய மயக்கத்தில் கட்டைபோல் கிடப்பவரால்தான் புரள முடிவதில்லை. அவருக்குக் காலைப் பிரித்துவிடுவது புண்ணியம். இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சில வாரங்கள் கால் மேல் கால் கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. அதைக் கேட்டு நடக்க வேண்டும்.

ஆனால் நம் பெரியவர்கள் சொல்லும் 'ஆகாது' நரம்பைப் பற்றியது அல்ல. சயன சாஸ்திரம் என்றும் சொல்ல வழியில்லை. புத்தர் வலப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு பாதத்தின் மேல் மற்றொரு பாதத்தைச் சற்றே விலக்கி வைத்துப் படுப்பார் என்று பாளி நூல்கள் கூறுகின்றன. அதற்குச் சிங்க சயனம் என்று பெயர். மகான்களுக்கு ஆகி வந்தது நமக்கு ஆகாதா? உண்மையில் இந்தத் தடை உட்காரும் இடத்திலிருந்து பாய்க்கு வந்து சேர்ந்தது என்பது நம்முடைய அபிப்பிராயம். பெரியவர் முன் கால் மேல் கால் போட்டால் அவமரியாதை. அந்தப் 'பெரியவர்' வயதில் மட்டும் பெரியவராக இருந்ததில்லை. சிவகங்கை மாவட்டம் கச்சநத்தம் கிராமத்தில் 2018 மே 28 இரவு நடந்த தாக்குதலில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். ஆதிக்கச் சாதியார் முன்னிலையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது அதற்கு முன் மூண்ட சச்சரவில் ஒரு காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. 2022-இல் நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குழந்தைக்கு மரியாதை கற்பிக்க வேண்டாம் என்று உபாத்தியாயர்களாகிய நாமே சொல்வோமா? அடக்கம் வேறு, அடக்குதல் வேறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் கற்பிக்கலாம். தூங்கும் குழந்தையின் காலுக்கோ இந்தப் பாடமே தேவையில்லை.

காலைக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே நாம் கவனிப்பதில்லை. பகலெல்லாம் நாற்று நட்டு வந்த பெண் இரவில் படுத்ததும் "கால் குடைகிறது" என்கிறாள். காலைப் பின்னுகிறாள், பிரிக்கிறாள், சுவரில் உதைத்துக்கொள்கிறாள், எழுந்து நான்கு அடி நடந்தால் சற்றுத் தேவலை என்கிறாள். படுத்தால் மறுபடியும் அதே அவஸ்தை. வேலைக் களைப்பு என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். களைப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஓய்ந்து படுக்கும்போதே வந்து, நடந்தால் தணிகிற குடைச்சல் தனி வியாதி. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672-இலேயே இதைக் குறித்து வைத்தார். ஸ்வீடன் தேசத்து எக்பொம் 1945-இல் விரிவாக விளக்கினார். உடலில் இரும்புச் சத்துக் குறைவது இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்த சோகை உள்ளவர்கள் என்றால், எத்தனை வீடுகளில் இந்தக் குடைச்சல் களைப்பு என்ற பெயரில் உலவுகிறதோ!

ஆகவே, வாரத்தில் பல இரவுகள் இப்படிக் கழிக்கும் பெண்மணி உங்கள் வீட்டில் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தத்தையும் இரும்புச் சேமிப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால், அதைக் காப்பியோடோ தேநீரோடோ விழுங்கக் கூடாது. இரும்பை உடல் ஏற்காதபடி அவை தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சம்பழச் சாறோடு கொடுக்கலாம். இரவுக் காப்பியை அடியோடு நிறுத்திவிடுங்கள். அது தூக்கத்தையும் கெடுக்கும், குடைச்சலையும் வளர்க்கும்.