ஆறாம் பாரத்தில் அகில உலகம்

"படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு?"

கேட்கிறார்கள் சிலர். இன்றல்ல, நேற்றல்ல, நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். கேட்பவர் யார் என்று கவனியுங்கள் தோழர்களே! சீமான் வீட்டுப் பிள்ளை அரசியல் பேசினால், "ஆளப் பிறந்தவன்" என்பார். மூட்டை சுமப்பவன் மகன் பேசினால், "கெட்டுப் போனான்" என்பார். ஒரே பேச்சு, இரண்டு தீர்ப்பு!

இந்தக் கேள்விக்கான பதிலைப் பிரிட்டனிலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

அங்கே 'ஆறாம் பாரம்' என்று ஒரு படிப்பு. நம் பெரியவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பழைய ஆறாம் பாரம் அல்ல அது. 16 வயதிலிருந்து 18 வரை ஈராண்டு. நமது பிளஸ் டூ போன்றது. பெரும்பாலோர் மூன்று பாடங்கள் எடுத்து ஏ-லெவல் தேர்வு எழுதுகிறார்கள். அரசியலும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். எடெக்செல் வாரியத்தின் பாடத்திட்டத்தில் முதல் இரு தாள்கள் பிரிட்டன் அரசியல்; மூன்றாவது தாள் அமெரிக்க அரசியல், அல்லது உலக அரசியல்.

உலக அரசியல்! மீசை அரும்பாத பிள்ளைக்கு! ஐக்கிய நாடுகள் மன்றம், பன்னாட்டு நிதியம், மனித உரிமை, சுற்றுச்சூழல், வல்லரசு, ஐரோப்பிய ஒன்றியம் அத்தனையும் பாடம். இரண்டு சித்தாந்தங்களையும் கற்கிறான். நாடுகளுக்கு மேலே காவலன் எவனும் இல்லை, அவனவன் வலிமையே அவனவனுக்குக் காப்பு என்கிறது ஒன்று. வணிகமும் ஒப்பந்தமும் பொது மன்றமும் பகையைத் தணிக்கும் என்கிறது மற்றொன்று. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதாது. இருபுறமும் எடைபோட்டு முடிவு கூற வேண்டும்.

எடைபோடத் தொடங்கினால் என்ன தெரியும்? 193 நாடுகள் உறுப்பினராக உள்ள மன்றத்தில், பாதுகாப்பு அவையில் 5 நாடுகளுக்கு மட்டும் தடுப்பதிகாரம் என்பது தெரியும். அந்த ஐவரில் தன் நாடும் ஒன்று என்பது தெரியும். 1956இல் நாசர் சூயசு கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபரில் இஸ்ரேல் எகிப்தின்மீது பாய்ந்தது. "பின்வாங்கு" என்ற தீர்மானத்தைத் தடுத்தவை பிரிட்டனும் பிரான்சும்! பன்னாட்டு நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 100க்கு 85 பங்கு வாக்கு தேவை; அமெரிக்காவிடம் மட்டும் 16 பங்குக்கு மேல். அது தலையசைக்காவிட்டால் எதுவும் நடவாது என்பதும் தெரியும். தெரிந்தவனை ஏமாற்றுவது எளிதா?

2003 பிப்ரவரி 15ஆம் நாள், ஈராக் போர் வேண்டாமென்று லண்டன் வீதிகளில் பல இலட்சம் மக்கள் திரண்டனர். மார்ச்சில் குண்டு விழத் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியேறினர். "சிறுவர்களுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார்கள் சிலர். 2016இல் வந்தது சில்காட் அறிக்கை. அமைதி வழிகள் முற்றத் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்றது. 7 ஆண்டு ஆய்ந்து அமைச்சர் பெருமக்களுக்குச் சொன்னதை, சீருடைச் சிறுவர்கள் முதல் நாளே சொன்னார்கள்!

ஆனால் அங்கும் எல்லாருக்கும் கதவு அகலத் திறந்திருக்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் 16 வயதுக்குமேல் படிக்க, வாரம் 30 பவுன் வரை உதவித்தொகை தந்தார்கள். பேருந்துக்கும் உணவுக்கும் அதுதான் ஆதாரம். சிக்கனம் என்ற பெயரில் இங்கிலாந்தில் அதை வெட்டுவதாக 2010இல் அறிவித்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடியும் நிறுத்திவிட்டார்கள். வேல்சு அதை விடவில்லை. பாடம் இருந்தால் மட்டும் போதாது, பாடசாலைக்குப் போகப் பேருந்துக் காசும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றும் சொல்வோம். ஸ்காட்லாந்து 2014 பொது வாக்கெடுப்பிலேயே 16 வயதினருக்கு வாக்களித்தது. பிரிட்டன் முழுவதும் வாக்குரிமை வயதை 16 ஆக்கப் போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. அரசியல் படித்த பிள்ளையை நம்பலாம் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டிருக்கிறது.

"அது வெள்ளைக்காரன் ஊர்க்கதை, நமக்கென்ன?" என்பீரோ? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது நடுங்கியது எது? திருப்பூர்! வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்திட்டார். இங்கே பனியன் தைக்கும் தங்கையின் கூலிக்கு ஆபத்து வந்தது. உலக அரசியல் நம் வீட்டு அடுப்பங்கரையில் நிற்கிறது. அதைப் படிக்காதே என்பவன், அடுப்பு ஏன் அணைந்தது என்று கேட்காதே என்கிறான்.

ஆகவே தோழர்களே, படிப்பகத்துச் சுவரில் ஓர் உலகப்படம் மாட்டுங்கள். பிளஸ் டூ படிக்கும் மகனையும் மகளையும் அதன்முன் நிறுத்திச் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரைக் காட்டட்டும், "ஏன்?" என்று கேட்கட்டும்.

கேட்டுப் பழகிய பிள்ளை நாளை எவனுக்கும் கைகட்டி நிற்கமாட்டான்!