கடைசி ஆட்டமும் ஒரு புள்ளியும்

கால்பந்துப் பருவம் முடியும் தறுவாயில்தான் பலருக்கு அதன்மீது ஆர்வம் பிறக்கிறது. 2012 மே 13 அன்று மான்செஸ்டர் சிட்டி கடைசி நிமிடக் கோலால் இங்கிலாந்து பிரிமியர் லீக் பட்டத்தை வென்றதை உலகமே பேசிற்று.

நம் ஜோலார்பேட்டை வழியே ரயில் ஓடும் கோவையிலும் அத்தகைய நாள் ஒன்று உண்டு. 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாபிடம் முதலில் பின்தங்கி, பின்னர் 3-1 என்று வென்றது. அதே நாளில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது, பயனில்லை. சென்னைக்கு 43 புள்ளிகள், அவர்களுக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

அந்த ஒரு புள்ளி கடைசி நாளிலா விளைந்தது? அன்று! இருபது ஆட்டங்களில் சிறுகச் சிறுகச் சேர்த்தது அது. ஆயினும் 2020-21 பருவத்துக்குப்பின் அவ்வணியை ஐ-லீக்கில் காணோம். வெற்றி நாளில் எழும் கைதட்டல் மட்டும் ஓர் அணியை வாழவைக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நண்பர்களே, நம் கல்லூரி அணி இறுதிப் போட்டிக்கு வரட்டும் என்று காத்திராதீர்கள். முதல் சுற்றிலேயே மைதானத்துக்கு வாருங்கள்!