கால்வாய்க் கரைகளும் சைக்கிள் வண்டியும்

காவிரி நாட்டின் வளத்தைப் பேசுவோர் நீரைப் பேசுவர், நெல்லைப் பேசுவர், அணை எழுப்பியோரின் அறிவைப் பேசுவர். அந்நீரை இரு மருங்கும் தாங்கி நிற்கும் கரையைப் பற்றிப் பேசுவோர் அரியர். கரை உடைந்த அன்றே அதன் நினைவு நமக்கு வருகின்றது. ஆயினும் கரை என்பது நீரைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு மட்டுமன்று. அஃது ஒரு வழியுமாகும். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்னும் மூன்றும், அவற்றினின்று பிரியும் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு முதலிய கிளைகளும் தஞ்சை நாட்டை ஊடுருவிச் செல்கின்றன. இவை ஒவ்வொன்றிற்கும் இரண்டு கரைகள் உண்டு. இக்கரைகளை நடப்போர்க்கும் சைக்கிளில் செல்வோர்க்கும் உரிய பசுமை வழிகளாகச் சிறிது சிறிதாகத் திருத்துதல் வேண்டும் என்பதும், அவற்றை மோட்டார்ச் சாலைகளாக மாற்றிவிடுதல் தகாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பிற நாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உள. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் கால்வாய்களை வெட்டியது நிலக்கரி முதலிய சரக்குகளைப் படகில் கொண்டு செல்வதற்காக. படகைக் கயிற்றிற் கட்டிக் குதிரைகள் இழுத்துச் செல்லும்பொருட்டுக் கரையோரம் ஓர் ஒற்றையடிப் பாதை அமைத்தனர். இரயில் வண்டியும் பின்னர் லாரியும் வந்தபின் சரக்குப் படகுகள் மறைந்தன, குதிரைகளும் மறைந்தன, பாதை மட்டும் எஞ்சியது. அப்பாதைகளில் இன்று மக்கள் உலாவுகின்றனர். சைக்கிளில் வேலைக்குச் செல்கின்றனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை 2012ஆம் ஆண்டு முதல் ஓர் அறநிலையம் பேணி வருகின்றது.

நமது கரைகளின் வரலாறு வேறு. வடசென்னை வழியே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயில் மனிதர் கயிறு பிடித்துப் படகிழுத்ததுண்டு. தஞ்சையின் பாசன ஆறுகளோ படகுக்காக ஏற்பட்டவை அல்ல. இங்கே கரையில் நடந்தவன் மடை திறப்பவனும், உடைப்புக் காப்பவனும், பாசன லஸ்கருமே. மண்வெட்டியும் விளக்கும் ஏந்தி இரவெல்லாம் கரையைச் சுற்றிய அவர்களுடைய அடிச்சுவடே நமது கரைப்பாதை. ஆதலின் மேனாட்டாருடைய பாதையை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் பொருந்தாது. அவர்களுடைய கால்வாய்களிற் பல பழைய தொழிலை இழந்தபின் உலாவும் இடமாயின. நமது கால்வாயோ இன்றும் ஊருக்குச் சோறிடும் தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றது. முதலிடம் நீருக்கு, அதன்பின்னரே வழிப்போக்கனுக்கு. இதனை மறவாமல் மேற்செல்வோம்.

புதாறு என்று மக்கள் வழங்கும் கல்லணைக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். கர்னல் எல்லிஸ் வகுத்த திட்டத்தின்படி மேட்டூர் அணையோடு 1934ஆம் ஆண்டில் முடிவுற்ற இக்கால்வாய், பழைய ஆறுகளின் நீர் ஏறாத மேட்டு நிலங்களுக்குப் பாசனம் அளிக்க வெட்டப்பெற்றது. கல்லணையிற் புறப்பட்டுப் பூதலூர் வட்டாரத்தைக் கடந்து, தஞ்சைப் பெரிய கோயிலின் அருகே ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளை நனைத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வரை செல்லும் இதன் நீளம் சுமார் 148 கிலோமீட்டர். 2 இலட்சத்து 27 ஆயிரம் ஏக்கர் இதனை நம்பி இருக்கின்றது. நிலத்தின் மட்டத்தைத் தழுவி, நீர் மெல்ல இறங்குமாறு அமைந்த கால்வாயாதலின், இதன் கரையில் செங்குத்தான ஏற்றமில்லை. நீருக்கு எளிதான வழி சைக்கிளுக்கும் எளிதான வழி என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வழி யாருக்கு வேண்டும்? இக்காலத்தில் சைக்கிள் ஏறுவோர் யார் என்று கேட்பாருண்டு. நமது மாநிலத்தில் அரசு பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர்க்கு அரசாங்கம் விலையில்லாமல் சைக்கிள் அளிக்கின்றது. அச்சிறுவர் சிறுமியர் அவ்வண்டியை ஏறிச் செல்வது எங்கே? பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முந்தும் நெடுஞ்சாலையின் ஓரத்திலன்றோ? வண்டியைக் கொடுத்து வழியைக் கொடாதிருத்தல், ஏரைக் கொடுத்து நிலத்தைக் கொடாதிருத்தல் போன்றதாம்.

இன்னும் ஒன்று. கல்லணைக் கால்வாயின் கடைமடை அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அக்காலத்து ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் இதற்குப் பெருந்துணையாயிருந்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் உட்படப் பல்லாயிரவர் சைக்கிள் ஏறினர். தண்ணீர்க் குடமும் குழந்தையும் சந்தைச் சரக்கும் அவ்வண்டியிலே சென்றன. பிறர் கையை எதிர்பாராமல் வேண்டிய போது வேண்டிய இடத்திற்குச் செல்லும் உரிமையை அவர்களுக்கு அளித்தது அந்த இரண்டு சக்கரமே. அவ்வரலாறு நிகழ்ந்த மண்ணில் சைக்கிளுக்கு ஒரு நல்ல வழி வேண்டுமென்பது மிகையான கோரிக்கையாகாது.

இனி மறுப்புக்களை ஆராய்வோம். கரை நீருக்காக உள்ளது, ஜன நடமாட்டத்தால் அது கெடும் என்று பொறியியலார் கூறலாம். கரையைக் கெடுப்பது காலடியும் சைக்கிள் சக்கரமும் அல்ல. பாரம் ஏற்றிய லாரியே. எலிவளையும் நண்டுவளையும் கசிவாகி, கசிவு உடைப்பாகுமுன் அதனைக் கண்டு சொல்ல ஒருவர் வேண்டும். நாள்தோறும் நூறு பேர் செல்லும் கரையில் அக்கண்கள் நூறு மடங்காகின்றன. குப்பை கொட்டுவோரும் மணல் அள்ளுவோரும் ஆளரவம் இல்லாத கரையையே நாடுவர். முன்னாளில் குடிமராமத்து என்னும் வழக்கால் ஊரார் கூடிக் கரையைக் காத்தனர். அதற்குக் காரணம் கரை ஊராருடையது என்னும் எண்ணம். மக்கள் செல்லாத கரையின்மேல் அவ்வெண்ணம் எங்ஙனம் தங்கும்? ஆள் நடமாடும் கரையே காவலுள்ள கரை.

விவசாயிகளின் மறுப்பு இதனினும் வலியது. உரமும் நாற்றும் கொண்டு செல்லவும், அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கவும் கரைவழி அவர்களுக்கு வேண்டும். அவ்வழியை அடைத்துப் பூங்கா அமைத்தல் அநீதி. ஆகவே வயலுக்குச் செல்லும் வண்டிக்கும் நீர்வளத் துறையின் வண்டிக்கும் வாயில் திறந்தேயிருக்க வேண்டும். தடுக்க வேண்டியவை குறுக்குவழி தேடி விரையும் கார்களையும் லாரிகளையுமே.

அகன்ற தார்ச்சாலையாக்கினால் யாவர்க்கும் நன்மையன்றோ என்பாருக்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று விடையாகும். போட்டோமாக் ஆற்றை அடுத்து வாஷிங்டன் நகரம் வரை செல்லும் பழைய கால்வாய் ஒன்றன் தடத்தில் மோட்டார்ச் சாலை போட முயன்றனர். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் அதனை ஆதரித்துத் தலையங்கம் எழுதிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், எழுதியவர்கள் தம்முடன் அக்கரையில் நடந்து பார்க்கட்டும் என்று அழைத்தார். 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கம்பர்லாந்து ஊரிலிருந்து 184 மைலுக்கு மேற்பட்ட அவ்வழியில் நடைப்பயணம் நிகழ்ந்தது. நடந்தபின் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. சாலை எழவில்லை, 1971இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. வரைபடத்தில் மட்டும் கரையைக் கண்டோர்க்கு அது வெற்றிடம். நடந்து கண்டோர்க்கோ அது செல்வம்.

திருத்தம் படிப்படியாக நடைபெறட்டும். முதலாவது, பள்ளங்களை நிரப்பிச் செம்மண் கிராவல் இட்டு, மழைநீர் தேங்காதபடி உருளை கொண்டு இறுக்குக. இரண்டாவது, கரையின் வெளிப்புற அடியில் புங்கு, நாவல், மருதம் முதலிய மரங்களை நடுக. உட்சரிவில் நட்டால் வேர் கரையைப் பிளக்கும். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் இழந்த மரங்களுக்கும் இது ஈடாகும். மூன்றாவது, கால்வாயைச் சாலை கடக்கும் பாலங்களில் தடுப்புச் சுவரும் விளக்கும் அமைக்க. நான்காவது, சைக்கிளில் செல்வோன் நடப்போனுக்கு வழிவிட்டு மெல்லச் செல்லும் ஒழுங்கைப் பழக்குக; குறுகிய பாதையில் இவ்விருவர்க்கும் எழும் பிணக்கு மேனாட்டிலும் உண்டு.

இவற்றை உடனே கருத வேண்டிய காரணம் உண்டு. கல்லணைக் கால்வாயைச் சுமார் 2,640 கோடி ரூபாய் செலவில் சீரமைக்கும் திட்டத்திற்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அடித்தளத்தில் கான்கிரீட் இட்டால் நிலத்தடியில் நீர் ஊறுவது குறையும் என்று விவசாயிகள் பலர் மறுத்தனர். அவ்வழக்கு ஒருபுறம் இருக்க, வழுவழுப்பான கான்கிரீட் சரிவில் தவறி விழுந்தவன் ஏறிவருதல் அரிது என்பதை நினைத்தல் வேண்டும். இடையிடையே படித்துறைகள் இல்லாத கரையில் சிறுவரை அனுப்புதல் ஆகாது. படித்துறையை முதலிலேயே கட்டுவது எளிது. உயிர்ச்சேதம் கண்டபின் இடித்துக் கட்டுவது கடினம்.

நமது கல்லூரி மாணாக்கர் இதில் செய்யக்கூடியது யாது? மேட்டூர் அணை மூடியபின் கால்வாய் வறண்டு கிடக்கும் மாசி பங்குனி மாதங்களில், கல்லணையிலிருந்து தஞ்சை வரை உள்ள கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் சைக்கிளில் சென்று வரலாம். எங்கே பள்ளம், எங்கே குப்பை மேடு, எங்கே கரை மெலிந்திருக்கின்றது, எவ்வூர்ப் பிள்ளைகள் எவ்வழியே பள்ளிக்குச் செல்கின்றனர் என்று குறித்து, கரையோரத்து விவசாயிகளின் கருத்தையும் கேட்டெழுதி, ஊராட்சிகளுக்கும் நீர்வளத் துறைக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பலாம். ஒருநாள் உழைப்பும் ஒரு குறிப்பேடும் இதற்குப் போதும். ஜூன் மாதம் தண்ணீர் வருமுன் அக்குறிப்பு அதிகாரிகளின் மேசையில் இருத்தல் வேண்டும்.