யன்னலோரத்து மிளகாய்ச் சாடி

நோயாளியை எந்த வேலையும் செய்யவிடாமற் பார்த்துக்கொள்வதே நல்ல பராமரிப்பு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பக்கவாதத்தின் பின் வீடு திரும்பிய என் தாயாருக்குத் தேநீரைக்கூட நானே பருக்கினேன். வலக்கை விரல்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்ட மென்பந்தை அவர் ஒரு வாரத்தில் ஒதுக்கிவிட்டார். "நானென்ன சின்னப்பிள்ளையே, பந்து விளையாட?" என்று கேட்டார்.

ரொறன்ரோவின் இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், பின்வளவில் நின்ற மிளகாய்ச் செடியைப் பிடுங்கி எறியப் போனேன். அவர் விடவில்லை. அவர் செய்தது சரியே. மிளகாயின் தாவரவியற் பெயர் அதனை ஓராண்டுப் பயிரென்று சொன்னாலும், உறைபனி படாதவிடத்து அது பல ஆண்டுகள் வாழும். செடியைப் பாதியாக வெட்டி, இலைகளின் அடிப்புறத்து அசுவினிகளை நீரினாற் கழுவி, தெற்கு யன்னலருகே வைத்தோம்.

டிசெம்பரில் இங்கே பகலொளி ஏறத்தாழ 9 மணி நேரமே. அது போதாது. ஆகவே ஒரு சிறிய எல்.ஈ.டி. விளக்கை நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியவிட்டோம். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றவேண்டும். குளிர்காலத்தில் வீட்டுச் செடிகள் பல சாவது தாகத்தினால் அன்று, வேர் அழுகியே. (இதைச் சொன்னபோது தாயார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.)

பூக்கள் வந்தன, காய்கள் வரவில்லை. வீட்டினுள் காற்றுமில்லை, தேனீயுமில்லை. மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால், பூவை மெல்ல அசைத்தாலே மகரந்தம் சேரும். அந்த வேலையைத் தாயார் ஏற்றுக்கொண்டார். நாள்தோறும் காலையில் வலக்கைச் சுட்டுவிரலால் ஒவ்வொரு பூவையும் தட்டுவார். பத்துத் தடவை மடக்குங்கள், நீட்டுங்கள் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. பதினேழு பூக்கள் இருந்தால் பதினேழு தடவை. தவறவிட்ட பூ உதிர்ந்தால் அவருக்குக் கோபம் வரும்.

செடி வளர்ப்பது சிகிச்சைக்கு மாற்று என்று நான் கூறவில்லை. பயிற்சியாளரிடம் இன்றும் செல்கின்றோம். எல்லா வீடுகளுக்கும் இது பொருந்தவும் மாட்டாது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுவோர் ஆகியோருக்குச் சாடி மண்ணிலுள்ள பூஞ்சணம் நுரையீரலில் தொற்றை உண்டாக்கக்கூடும். வைத்தியரைக் கேளாமல் அவர்கள் செடியை அண்டவேண்டாம். மிளகாயை அரிந்த கையால் நோயாளியின் கண்ணையோ குழாய் பொருத்திய இடத்தையோ தொடவும் கூடாது. அதன் காரம் வெறும் நீரிற் போகாது, சவர்க்காரம் வேண்டும்.

ஆயினும் ஒரு விண்ணப்பம் உண்டு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து, உணவு, பாதுகாப்பு யாவற்றையும் வைத்தியசாலை கேட்டுப் பதிகின்றது. "வீட்டில் எந்த வேலை உங்கள் பொறுப்பில் இருந்தது?" என்றும் ஒரு வினா அப்படிவத்தில் இருக்கவேண்டும். என் தாயாரிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. மகளாகிய நானும் கேட்கவில்லை.

தையில் முதற்காயைப் பறித்துச் சம்பலில் இட்டோம். அளவுக்கு மீறிய உறைப்பு. மே மாதம் உறைபனி நீங்கியதும் சாடியை மீண்டும் வெளியே எங்கு வைப்பது என்பதில் எங்களுக்குள் இப்போதே வாக்குவாதம்.